அசையாத தட்டு

மார்ச் 4

அண்ணிக்கு,

போன்ல பேசினா நான் கத்துவேன். நீங்க பொறுமையா பதில் சொல்லிச் சொல்லியே என்னை இன்னும் கத்த வைப்பீங்க. நடுவுல அண்ணன் மாட்டிக்கிட்டு முழிப்பார். அதனாலதான் கடிதம். காகிதத்துல எவ்வளவு கத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது.

நீங்க வேலை பார்க்கிற ஊர்ல இருந்து லீவு போட்டு என்னைப் பார்க்க வந்துட்டுப் போனீங்களே, அதுல இருந்து மனசு ஆறவே இல்லை. ஆபரேஷன் முடிஞ்சு, வலது முட்டிக்குக் கீழ கம்பியோட, நான் பாட்டுக்குத் தலையணை மேல காலை வெச்சுப் படுத்திருந்தேன். டிப்போவுல இருந்து வந்தவங்க கூடம் நிறைய உக்காந்திருந்தாங்க. நீங்க வந்ததும் வராததுமா தலையணையை உருவிட்டு, "எழுந்து நில்லு, எலும்புக்கு எடைதான் சாப்பாடு"ன்னு சொன்னீங்க. நின்னேன். நின்ன வேகத்துல உங்க மேலேயே சரிஞ்சேன். கண்டக்டர் முதற்கொண்டு அத்தனை பேர் முன்னாடியும் மானம் போச்சு. நான் ஒண்ணும் உங்க லேப்ல கண்ணாடித் தட்டுல வளர்ற செல் இல்லை, அண்ணி.

விஷயத்துக்கு வர்றேன். எலும்பு ஒட்டலையாம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குல வெச்சுப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வெச்சு இன்னொரு ஆபரேஷன். அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஆனா இன்னொரு ஆபரேஷன்னா ஸ்டியரிங்கை மறந்துடணும்னு டிப்போ மேனேஜர் சொல்லிட்டார். டிக்கெட் கவுன்ட்டர்ல நிரந்தரமா உக்கார வெச்சுடுவாங்களாம். இத்தனை வருஷமா பஸ் ஓட்டினவளை ஒரு ஜன்னல் ஓட்டைக்குப் பின்னாடி உக்கார வெச்சா, நான் என்னத்துக்கு ஆவேன், சொல்லுங்க.

நான் கால்ல எடை வைக்காம ஒண்ணும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் பொண்ணு எடை பார்க்கிற மெஷின் ஒண்ணு குடுத்திருக்கு. தினமும் கட்டில் ஓரத்துல உக்காந்து அது மேல காலை அழுத்தணும், வாரத்துக்கு வாரம் முள் கொஞ்சம் ஏறணும். அண்ணன் கணக்கு வாத்தியாராச்சே, வாசப்படியில நின்னு முள்ளைப் பார்த்து நம்பர் சொல்லிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறார். நம்பரெல்லாம் ஏறுது. எலும்புதான் ஒட்டலை. இதுக்கு உங்க ஆராய்ச்சி என்ன சொல்லுது?

உங்க நாத்தனார்,
இன்னும் டிரைவர்தான்


மார்ச் 11

டிரைவர் மேடத்துக்கு,

கத்தினது நல்லாவே கேட்டுது. நான் பண்ணினதும் சரியில்லை. டாக்டர் ஊன்றச் சொல்லிட்டார்ங்கிற தைரியத்துல, வாக்கரைக்கூடப் பக்கத்துல வைக்காம உன்னை நிறுத்தினேன். நீ விழுந்ததுல என் முழங்கை பூரி மாதிரி வீங்கிக் கிடந்தது. ஏற்கனவே எல்லாரும் என்னை முறைச்சுக்கிட்டு இருந்தாங்க, இதை வேற எங்க சொல்ல?

உன் கேள்விக்கு வர்றேன். கொட்டாவி விடாம படி. எலும்பு கல்லு இல்லை. அதுக்குள்ள சின்னச் சின்னக் குழியில செல்கள் உக்காந்திருக்கு, நூல் மாதிரி கைகளை நாலா பக்கமும் நீட்டிக்கிட்டு. அந்தக் கைகளைச் சுத்தி ஒரு திரவம். நீ கால் ஊன்றினா எலும்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வளையும், திரவம் நகரும், அந்த இழுப்பை செல் உணரும். ரத்தக் குழாய்லயும் தசைநார்லயும் தோல்லயும்கூட இப்படி உணர்ற செல்கள் உண்டு. ஒண்ணுமே உணரலைன்னா எலும்புச் செல் ஒரு புரதத்தை வெளிய விடும். அது இருக்கற வரைக்கும் புது எலும்பு கட்டற வேலை நடக்காது. உனக்குச் சொல்றதுன்னா, அது பிரேக். எடை விழுந்தாத்தான் செல் அந்த பிரேக்ல இருந்து காலை எடுக்கும்.

இதெல்லாம் மத்தவங்க கண்டுபிடிச்சது. எவ்வளவு சின்ன விசை வரைக்கும் செல்லுக்குத் தெரியும்ங்கிறதுதான் என் வேலை. அதுல மண்ணைக் கவ்விக்கிட்டு இருக்கேன். ரெண்டு தட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுல பம்பு வெச்சுத் திரவத்தை மெதுவா ஓட விடறேன். இன்னொண்ணு அசையாத தட்டு, கதகதப்பான பெட்டிக்குள்ள சும்மா கிடக்கும். ஓடற தட்டுல பிரேக் புரதம் குறையணும், அசையாததுல நிறைய இருக்கணும். ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கு. போன வாரம் மீட்டிங்ல எங்க தலைவர், உங்க செல்லுக்கு ஒண்ணுமே உறைக்கலையேன்னு சொல்லிட்டு டீயை எடுத்துக் குடிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க.

ஆக, உனக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்லை. புது எக்ஸ்ரேயை அனுப்பச் சொல்லு. பாதமும் சேர்ந்து தெரியற படமா இருக்கட்டும்.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

உங்க சொந்த செல்லே உங்க பேச்சைக் கேக்கலை. அப்புறம் நான் மட்டும் கேக்கலைன்னு வீட்டுல என்னைத் திட்டறாங்க. நல்ல நியாயம்.

எக்ஸ்ரேயை இதோட வெச்சிருக்கேன். மடக்காம அனுப்ப அண்ணன் ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு ஒட்டியிருக்கார், பிரிக்கறதுக்குள்ள உங்களுக்கு உயிர் போயிடும். அவர் எதைச் செஞ்சாலும் இப்படித்தான்னு உங்களுக்குத் தெரியாததா. சாயங்காலம் ஆனா நீங்க இருக்கிற ஊர் வானிலையைப் பார்க்கறார். அங்க மழைன்னா இங்க ஜன்னலைச் சாத்தறார்.

எனக்கு இந்தக் கட்டில்ல கிடந்து கிடந்து பைத்தியம் பிடிக்குது. போதாக்குறைக்கு மேல் வீட்டுல புது வாஷிங் மெஷின். துணி பிழியற நேரத்துல தரை அதிரும், கட்டில் அதிரும், என் கால்ல இருக்கற கம்பி வரைக்கும் வந்து ஙொய்ங்னு ஓடும். அண்ணன்கிட்ட சொன்னா, அப்படி ஒண்ணும் தெரியலையேங்கறார். எப்படித் தெரியும்? நடமாடிக்கிட்டே இருக்கறவருக்குத் தெரியாது. சும்மா கிடக்கறவளுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாசக் கடைசியில டாக்டர் பார்க்கறார். அன்னைக்கே டிப்போவுக்கும் சொல்லிடுவார். என் வண்டியை இப்ப யாரோ ஒரு புது ஆள் ஓட்டறானாம். கியர் போடும்போது கர்ருங்குதுன்னு கண்டக்டர் வந்து சொல்லிட்டுப் போனார். கேட்டுட்டு எனக்குச் சோறு இறங்கலை.

நாத்தனார்


மார்ச் 24

டிரைவர் மேடம்,

முதல்ல நல்ல செய்தி. உன் கடிதத்தை லேப்லயே நின்னுக்கிட்டுப் படிச்சேன். வாஷிங் மெஷின் புராணம் வந்ததும் சிரிப்பு வந்துது. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. ஒரு டம்ளர்ல விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தி, என் அசையாத தட்டு இருக்கற பெட்டி மேல வெச்சுட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய ஃப்ரீசர் ஓட ஆரம்பிச்சுது. தண்ணி மேல வளையம் வளையமா வந்துது பார்.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. இத்தனை மாசமா அந்தத் தட்டு சும்மா இருக்குன்னு நினைச்சு நம்பர் எடுத்திருக்கேன். அது சும்மாவே இல்லை. ஃப்ரீசர் ஓடற போதெல்லாம் அதிர்ந்திருக்கு. செல்லுக்கு உறைக்கலைன்னு சிரிச்சாங்களே, உறைச்சது ரொம்ப ஜாஸ்தி. பக்கத்து ரூம் ஃப்ரீசர் வரைக்கும் உறைச்சிருக்கு. பெட்டியை வேற இடத்துக்கு மாத்தறேன். முதல்ல இருந்து செய்யணும், செய்யறேன்.

இனிமே கெட்ட செய்தி. எக்ஸ்ரேயைப் பார்த்தேன். முறிவை டாக்டர் பார்த்துக்குவார். நான் பார்த்தது குதிகாலை. நான் அங்க வந்தப்போ பார்த்த, மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்த படத்துல வெள்ளையா, திடமா இருந்த எலும்பு, இதுல நைஞ்ச துணி மாதிரி மங்கிக் கிடக்கு. தினமும் எடை வாங்கற குதிகால் இப்படி ஆகாது. தரையையே பார்க்காத குதிகால்தான் இப்படி ஆகும். நம்பர் படிக்கிற உன் அண்ணனை ஏமாத்தலாம். எலும்பை ஏமாத்த முடியாது.

என் அசையாத தட்டு அசைஞ்சிருக்கு. உன் அழுத்தின கால் அழுத்தவே இல்லை. ரெண்டு பேரும் நல்ல ஜோடிதான். அந்த மெஷினை எதை வெச்சு அழுத்தின? உண்மையைச் சொல்லு. உன் அண்ணன்கிட்ட இன்னும் வாயைத் திறக்கலை.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

உங்க கடிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். அப்புறம் பொறுக்கி ஒட்டினேன். என் குதிகாலை வேவு பார்க்கறதுக்கா எக்ஸ்ரே கேட்டீங்க?

இடது கால். போர்வைக்கு அடியில இடது காலை வெச்சு அழுத்தினேன். அண்ணன் வாசப்படியில நின்னா மெஷினோட முள்ளு மட்டும்தான் தெரியும், காலு தெரியாது. போதுமா?

வலின்னு நினைக்காதீங்க. வலிக்கெல்லாம் பயந்தவளா நான். யாருக்கும் சொல்லாததை உங்களுக்கு எழுதறேன், வேற யாருக்கும் புரியாது. அன்னைக்கு வளைவுல திரும்பினதும் விளக்கு இல்லாம வழியை மறிச்சு நின்ன லாரி. வண்டி நிறைய ஆளுங்க. ஒரு குழந்தை முன் சீட்டுல என்னையே பார்த்துக்கிட்டு வந்துது. நான் பிரேக் மேல ஏறி நின்னேன், அண்ணி. உக்காந்து மிதிக்கலை, ஏறியே நின்னுட்டேன். வண்டி நின்னுச்சு. நின்ன பிறகு அந்த லாரி பின்னால உருண்டு வந்து, அதோட பின்பக்கம் எங்க முன் கண்ணாடிக்குக் கீழ இடிச்சு, பெடலோட சேர்ந்து உள்ள வந்துது. அப்ப என் காலுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுது. வெளிய யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு மட்டும்.

அந்த மெஷின் மேல வலது பாதம் பட்டாலே பெடல் மேல வெச்ச மாதிரி இருக்கு. கட்டில்ல உக்காந்து, முட்டியை மடக்கி, காலை முன்னால நீட்டி அழுத்தணும். அழுத்தப் போறப்ப அந்தச் சத்தம் கேக்குது. உடம்பெல்லாம் வேர்த்துடுது. பிரேக் மிதிக்கப் பயப்படற டிரைவரை எவன் வண்டியில ஏத்துவான்? அதனால வெளிய சொல்லலை. சொன்னா நானே கவுன்ட்டருக்கு எழுதிக் குடுத்த மாதிரி.

இதைப் படிச்சுட்டு எனக்கு செல் கதை எழுதாதீங்க.

நாத்தனார்


ஏப்ரல் 2

என் கண்ணுக்கு,

செல் கதை எழுதலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். உன் கால் பஸ்ஸை நிறுத்திட்டுத்தான் உடைஞ்சுது. நிறுத்தறதுக்கு முன்னாடி உடைஞ்சிருந்தா அந்தக் குழந்தை என்ன ஆகியிருக்கும்? நீ கேட்ட சத்தம் தோத்துப்போன காலோட சத்தம் இல்லை. வேலையை முடிச்ச காலோடது. இதைப் படிச்சதும் உனக்குப் பயம் போயிடும்னு நான் நினைக்கலை. ஆனா உண்மை இதுதான், அதனால எழுதறேன்.

இப்ப நீ செய்ய வேண்டியதைச் சொல்றேன். முதல்ல அந்த பிசியோ பொண்ணுகிட்டயும் உன் அண்ணன்கிட்டயும் உண்மையைச் சொல்லு. திட்டு விழும், வாங்கிக்கோ. அப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட இதைக் கேளு: உக்காந்துதான் அழுத்தணுமா? கட்டில் ஓரத்துல உக்காந்து காலை நீட்டினா அது டிரைவர் சீட்டேதான். யாரா இருந்தாலும் அந்த நாள் ஞாபகம் வரும். வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, மெஷின் மேல பாதத்தை நேரா இறக்கினா அது பெடல் இல்லை, படிக்கட்டு. செல்லுக்கு நீ உக்காந்தா என்ன, நின்னா என்ன. அதுக்கு வேண்டியது எடை. சரி, செல் கதை வந்துடுச்சு, மன்னிச்சுக்கோ.

ஆரம்பத்துல முள் அசைஞ்சா போதும். மேல் வீட்டு மெஷின் துணி பிழியற நேரமா பார்த்து நில்லு. அந்த இரைச்சல்ல உன் சத்தம் அடங்கும்.

நான் கிளம்பி வரட்டுமான்னு கேக்கத் தோணுது. வந்தா மறுபடியும் தலையணையை உருவுவேன். அதனால வரலை.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணி,

உக்காந்து படிங்க. இன்னைக்கு டாக்டர் பார்த்துட்டார்.

அவசரப்படாதீங்க, வரிசையா சொல்றேன். பிசியோ பொண்ணுகிட்ட சொன்னேன். பார்க்கத்தான் பூனை. அது திட்டின திட்டுல டிப்போ மெக்கானிக்கே தோத்துடுவார். திட்டி முடிச்சுட்டு, நின்னுக்கிட்டுச் செய்யறது நல்ல யோசனைதான், எனக்குத் தோணலையேன்னு சொல்லிட்டுத் தானே வந்து வாக்கரைப் பிடிச்சுது. அண்ணன் ஒண்ணும் திட்டலை. அவர் படிச்ச நம்பரெல்லாம் இடது காலோடதுன்னு தெரிஞ்சதும், இடது காலுக்கு எவ்வளவு பலம்னு இப்ப நல்லாத் தெரிஞ்சுபோச்சுன்னார். உங்க வீட்டுக்காரர் மனுஷனே இல்லை, அண்ணி.

மேல மெஷின் உறுமினதும் நின்னேன். வலது பாதத்தை இறக்கினேன். வேர்த்துது. முள் லேசா அசைஞ்சுது. சத்தம் வந்துதா இல்லையான்னே தெரியலை, மேல் வீட்டுத் துணி அப்படிச் சுத்துது. மறுநாளும் நின்னேன். மேல் வீட்டம்மா துணி துவைக்காத நாள்ல, போய்த் துவைங்கன்னு அண்ணனை மாடிக்கு அனுப்பினேன். அந்தம்மா நம்ம வீட்டுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சிருக்கும். அப்புறம் ஒரு நாள் மெஷின் நின்னுபோச்சு, நான் நிக்கறதை நிறுத்தலை. வீடே அமைதி. நானும் நின்னுக்கிட்டே இருந்தேன். ஒரு சத்தமும் வரலை, அண்ணி. நான் அழுதேன். கேட்டா அண்ணன் வெங்காயம்னு சொல்லுவார், அவரும்தான் அழுதார்.

டாக்டர் படத்தை விளக்குல வெச்சார். உதட்டைப் பிதுக்கலை. முறிவைச் சுத்திப் புகை மாதிரி ஒண்ணு தெரியுது. அதுதான் புது எலும்பாம். "இந்த ஒரு மாசத்துல என்னம்மா பண்ணினீங்க?"ன்னு கேட்டார். பிரேக்ல இருந்து காலை எடுத்தேன்னு சொன்னேன். அவருக்குப் புரியலை. ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிட்டார்.

நாத்தனார்


மே 20

டிரைவர் மேடம்,

உன் கடிதத்தை லேப்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டேன். கோவிச்சுக்காதே. அடக்க முடியலை.

இப்ப என் பக்கத்துக் கதை. பெட்டியைக் கட்டடத்தோட கீழ்க்கோடியில ஒரு பழைய ஸ்டோர் ரூமுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். தரையில ஒரு கல் பலகை, அதுக்கு அடியில காத்தடைச்ச சைக்கிள் ட்யூப். ட்யூபை வாங்கிக்கிட்டு வந்தப்போ வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்த்தார். மேல டம்ளர் தண்ணி. மணிக்கணக்கா பார்த்தேன், ஒரு வளையம்கூட வரலை. அப்புறம்தான் தட்டை உள்ள வெச்சேன்.

அசையாத தட்டுல பிரேக் புரதம் கொட்டிக் கிடக்கு. ஓடற தட்டுல அடி மட்டத்துக்குப் போயிடுச்சு. நம்பாம திரும்பச் செஞ்சேன். அப்படியே. வேற ஆளை விட்டு, எது எந்தத் தட்டுன்னு சொல்லாம செய்யச் சொன்னேன். அப்படியே. பழைய நம்பரும் வீண் இல்லை. ஃப்ரீசர் அதிர்வு எவ்வளவுன்னு அளந்து பார்த்தோம். இவ்வளவு சின்ன விசையைக்கூட செல் உணரும்னு எங்க லேப்ல யாரும் எதிர்பார்க்கலை. நான் தேடிக்கிட்டு இருந்த பதிலே அதுதான். நான் தோல்வின்னு நினைச்சு ஒதுக்கி வெச்சதுல உக்காந்திருந்தது.

மீட்டிங்ல தலைவர் டீயை எடுத்தார், குடிக்காம கீழ வெச்சுட்டார். இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டார். என் நாத்தனாரோட மேல் வீட்டு வாஷிங் மெஷின்னு சொன்னேன். சிரிச்சாங்க. ஆனா இது வேற சிரிப்பு. முதல்ல கை தட்டினது அவர்தான். நான் உன்னை நினைச்சுக்கிட்டேன். சும்மா கிடக்கறவளுக்குத்தான் தெரியும்னு எழுதினியே, அதைப் பெரிசா எழுதி அந்த ஸ்டோர் ரூம் கதவுல ஒட்டியிருக்கேன்.

எனக்கு இங்கயே சொந்தமா ஒரு ஆராய்ச்சிப் பிரிவு தரப் போறாங்க. சந்தோஷம்தான். ஆனா வேலை இன்னும் கூடுது, வீட்டுக்கு வர்றது இன்னும் தள்ளிப் போகும். உன் அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

அண்ணி


செப்டம்பர் 6

அண்ணி,

அண்ணன்கிட்ட நானே சொல்லிட்டேன், அப்பவே. நீங்க அதுக்கு அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னதை எல்லாம் அவர் புதுசு மாதிரி கேட்டுக்கிட்டார். நல்ல நடிகர்.

நேத்து டிப்போவுல எனக்கு டெஸ்ட். காலி வண்டி, நான், பக்கத்துல இன்ஸ்பெக்டர். கம்பியெல்லாம் உள்ள இருக்கட்டும், எலும்பு ஒட்டிடுச்சுன்னு டாக்டர் குடுத்த சர்ட்டிபிகேட்டை அவர் திரும்பியே பார்க்கலை. யார்டுல நல்ல வேகமா வரச் சொல்லி, சொன்ன இடத்துல பலமா நிறுத்தணும்னார். மெக்கானிக், கண்டக்டர், மேனேஜர் எல்லாரும் ஷெட் நிழல்ல நின்னு பார்க்கறாங்க. அன்னைக்குக் கூடத்துல நான் விழுந்ததைப் பார்த்த அதே கூட்டம்.

சீட்டுல உக்காந்தேன். முட்டி மடங்குச்சு. காலு முன்னால போச்சு. எந்த இடத்துக்குப் பயந்தேனோ அதே இடம். வேர்க்கும்னு பார்த்தேன், வேர்க்கலை. என் காலுக்குள்ள எத்தனையோ செல் கையை நீட்டிக்கிட்டுக் காத்திருக்குன்னு நினைச்சேன். நீங்க எழுதினதுல அது ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம். வண்டியை விரட்டினேன். அவர் கையைக் காட்டினார். மிதிச்சேன்.

நின்னுச்சு, அண்ணி. கோடு மேலேயே நின்னுச்சு. கேட்ட சத்தமெல்லாம் டயர் சத்தம்தான். அப்புறம் இன்ஸ்பெக்டர் தொப்பி விழுந்த சத்தம். அவர் குனிஞ்சு அதை எடுத்துத் தட்டிட்டு, "ஏம்மா, நான் பலமான்னுதான் சொன்னேன், என்னைக் கொல்லச் சொல்லலை"ன்னார். கண்டக்டர் விசில் அடிச்சார். மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார்.

இனி என்ன ரூட் வேணும்னு கேட்டாங்க. பழைய ரூட்டுதான் கேப்பேன்னு நினைச்சாங்க. உங்க ஊர் ரூட்டைக் கேட்டு வாங்கிட்டேன். வாரத்துல மூணு நாள் வருவேன். நீங்க இங்க வர முடியலைன்னா என்ன, அங்க வர்ற வண்டி என் கையில இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை முதல் தடவை. முன் சீட்டுல ஒரு கணக்கு வாத்தியார் மடியில அட்டைப்பெட்டியோட உக்காந்திருப்பார், அவரைப் பத்திரமா இறக்கிக்கோங்க.

நீங்க பஸ் ஸ்டாண்டுல தூணுக்குப் பின்னாடி எல்லாம் ஒளிஞ்சு நிக்க வேண்டாம். வண்டி வந்து நிக்கற இடத்துல, நேர் எதிர்ல நில்லுங்க. பயப்படாதீங்க. நிறுத்திடுவேன்.

உங்க நாத்தனார்,
டிரைவர்